சாரதாவின் பக்கம் நின்று பார்த்தால்



சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேகமலைக்கு வருகிறவர்கள், தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவை மேகம் மூடுவதைக் கண்டதும் "பேய்ப்படம் எடுக்க ஏத்த இடம்" என்பார்கள். தேனி மாவட்டத்து அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவோ பேயும் பனியும் இல்லாமலே தமிழ்நாட்டை நடுங்க வைத்தார். 1978 அக்டோபரில் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தைத்தான் சொல்கிறேன்.

முந்தைய ஆண்டுதான் அவரது ‘16 வயதினிலே’ படத்தின் சப்பாணிக்கும் மயிலுக்கும் ஊரே உருகியிருந்தது. அதே கமல்ஹாசனையும் ஸ்ரீதேவியையும் நகரத்துக்குக் கூட்டிவந்தார். பெண்களைக் கொல்லும் பணக்காரன் திலீப். துணிக்கடையில் வேலை பார்த்து, அவனை நம்பிக் கழுத்தை நீட்டும் சாரதா. பிணங்கள் புதைந்த மண்ணில் ரோஜா பூக்கிறது. பேய் பிடித்தால் கோடாங்கியைக் கூப்பிடலாம், விபூதி பூசலாம். சிரித்த முகத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கும் கணவனுக்கு என்ன பரிகாரம்? படம் இன்றும் உறைய வைப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தப் பயத்தில் பாதி பண்ணைப்புரத்து இளையராஜாவுடையது. ‘அன்னக்கிளி’ வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது அப்போது. 1980இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’, இளையராஜாவுக்கு நூறாவது படம். 2020இல் மிஷ்கினின் ‘சைக்கோ’வுக்கும் அவர்தான் இசை. ஹிட்ச்காக்கின் 1960ஆம் ஆண்டு ‘சைக்கோ’ படத்தின் நிழல் இவற்றில் உண்டு. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்ப்படக் கொலைகாரர்களின் மனசுக்கு ஒலி கொடுத்ததில் இந்தப் பண்ணைப்புரத்துக்காரருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எனக்கு அதில் சொல்லி மாளாத பெருமை.

‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தையே இந்தியில் ராஜேஷ் கன்னாவை வைத்து பாரதிராஜாவே ‘ரெட் ரோஸ்’ என்று எடுத்தார். அதைவிட ஆழமாகப் பதிந்தது திலீப்பின் முன்கதைதான். சிறுவயதில் பெண்களால் காயப்பட்டவன், ஆகவே பெண்களைக் கொல்கிறான் என்ற அந்தக் காரணத்தை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. 2004இன் ‘மன்மதன்’ வரை, துரோகம் செய்த பெண்ணைக் காட்டிக் கொலைகாரனுக்கு இரக்கம் தேடும் பழக்கம் தொடர்ந்தது. பின்னால் வந்தவர்கள் திலீப்பை எடுத்துக்கொண்டு சாரதாவை விட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரியவரும்போதுதானே நமக்கும் நெஞ்சு அடைக்கிறது!

தேனி, கம்பம், சின்னமனூர்க் கொட்டகைகளில் அந்தப் படத்தை அன்றே பார்த்த அக்காமார்களும் அம்மாமார்களும் நம் வாசகர்களில் இருப்பீர்கள். அன்றைக்கு நீங்கள் யாருக்காகப் பயந்தீர்கள்? எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கே முதல் இடம்.

அன்புடன்,
ஆசிரியர்