ஐம்பத்தெட்டு வயது வரை யார் காத்திருப்பது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., (கணிதம்)

எங்கள் தெருவில் பத்து வீடுகள். அவற்றுள் ஏழு வீடுகளிலிருந்து விடியற்காலையில் தொழிற்சாலைக்குப் புறப்படுகிறவர்கள் உண்டு. சிலர் ஓசூர் சிப்காட்டுக்கு. சிலர் ஜூஜுவாடியைத் தாண்டி, மாநில எல்லையைக் கடந்து, அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும். இவர்கள் எல்லாரும் அறிந்த ஒரு சொல் பி.எஃப். "வேலையை விட்டா வர்ற பணம்" என்பதே அதற்கு அவர்கள் கூறும் பொருள். அந்தப் பணத்தை எடுப்பதற்காகவே வேலையை விட்டவர்களையும் நான் அறிவேன். அவர்களில் ஒருவர் என் தாயார்.

"முதுமைக்கென்று சேர்த்ததை இளமையிலேயே எடுத்துத் தின்னலாமா?" என்று பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அவருடைய கேள்விக்கு மாறுபட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த வாதம் 2016ஆம் ஆண்டில் நம் ஊருக்கு அருகிலேயே, நடுச்சாலையில் நடந்திருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டு வந்தது. வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை ஐம்பத்தெட்டு வயது வரை தொழிலாளி எடுக்க முடியாது என்பதே அது. ஏப்ரல் 18ஆம் நாள் பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையில் வந்து அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். மறுநாள் கிளர்ச்சி பெங்களூரின் பல பகுதிகளுக்கும் பரவியது. வண்டிகள் எரிந்தன, ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்கப்பட்டது, தடியடியும் நடந்தது. தீ வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அன்றே தொழிலாளர் நலத்துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா விதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

அப்போது அம்மா எல்லைக்கு அப்பால் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் இருந்தார். 2011 ஏப்ரலில் சேர்ந்தவர். அன்று பேருந்து இல்லாமல் பாதி வழி நடந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு வந்தார். கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "நாப்பது வயசுக்கு மேல அந்த மிஷின்ல எவளை வெச்சிருக்காங்க? அம்பத்தெட்டு வரைக்கும் எங்க பணம் அவங்ககிட்ட எதுக்குக் கண்ணு?"

அவ்வாண்டு தீபாவளிக்கு முன் அம்மா வேலையை விட்டார். அப்பாவின் கால் முறிந்து, மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் ஐந்து வட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் காத்திருந்து படிவம் கொடுத்தார். வைப்பு நிதியில் ஏறத்தாழ 70,000 ரூபாயும், ஓய்வூதியக் கணக்கிலிருந்து முப்பதாயிரத்துச் சொச்சமும் வந்தன. கடன் தீர்ந்தது.

நான் கணித மாணவன், கணக்கையும் பார்த்துவிடுவோம். இன்றுள்ள 8.25 விழுக்காடு வட்டியே நீடிப்பதாகக் கொண்டால், அந்த 70,000 ரூபாய் அம்மாவின் ஐம்பத்தெட்டாம் வயதில், அதாவது 23 ஆண்டில், நான்கு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பேராசிரியர் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஆனால் நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு 60 விழுக்காடு! எட்டேகால் விழுக்காட்டில் கிடந்த பணத்தை எடுத்து அறுபது விழுக்காட்டுக் கடனை அடைத்தவரை ஊதாரி என்று எந்தக் கணக்கு சொல்லும்?

அம்மா இழந்தது வேறொன்று. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தொழிலாளி சம்பளத்தில் 12 விழுக்காடு செலுத்துகிறார். முதலாளியும் 12 செலுத்துகிறார். முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. பத்து ஆண்டுப் பணிக்காலம் இருந்தால்தான் ஓய்வூதியம் உண்டு. பத்துக்குள் வேலையை விட்டு, 10-சி என்னும் படிவத்தில் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கிவிட்டால், அதுவரை உழைத்த காலம் கணக்கிலிருந்து அழிந்துவிடும். வாங்காமல் அதே படிவத்தில் சான்றிதழ் கேட்டிருந்தால் காலம் நிலைத்திருக்கும். தாள்களை நீட்டியவர் "இங்க, இங்க" என்று விரலால் காட்டினார், அம்மா கையெழுத்திட்டார். ஐந்தரை ஆண்டு போயிற்று.

பின்னர் 2017இல் ஓசூரில் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேலை. 2020இல் கொரோனாவோடு அதுவும் போனது. மீண்டும் அதே படிவம், மூன்று ஆண்டு போயிற்று. 2021 முதல் இப்போதைய வேலை, நாலரை ஆண்டு. ஆகப் பதின்மூன்று ஆண்டு உழைத்தவருக்கு ஏட்டில் இருப்பது நாலரை. பதின்மூன்றும் இருந்திருந்தால், 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு, சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி எழுபதால் வகுக்கும் முறைப்படி, மாதம் 2,228 ரூபாய். சிறுதொகைதான். மகன் கையை எதிர்பாராத தொகை.

2025 அக்டோபரில் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு புதிய முடிவுகளை எடுத்தது. இடையில் பணம் எடுப்பதற்கான பதின்மூன்று பிரிவுகள் மூன்றாகச் சுருங்கும். ஓராண்டுப் பணி போதும். கால் பங்கு கணக்கில் கிடக்க வேண்டும். வேலை இழந்தவர் அந்தக் கால் பங்கையும் பெற ஓராண்டு, ஓய்வூதியப் பணத்தைப் பெற 36 மாதம் காத்திருக்க வேண்டும். முன்பு இரண்டு மாதம். இந்த 36 மாத விதி அன்றே இருந்திருந்தால் அம்மாவின் ஐந்தரை ஆண்டு தப்பியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வட்டிக்காரர் 36 மாதம் காத்திருந்திருப்பாரா? பூட்டுவதைவிடச் சொல்லிக் கொடுப்பது எளிது. வேலையில் இருந்துகொண்டே முன்பணம் பெற்றால் பணிக்காலம் அழியாது என்ற ஒரு செய்தியைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி, ஒவ்வொரு தொழிற்சாலை வாயிலிலும் ஒட்டினால் என்ன?

நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சென்ற ஆண்டு நட்ட அதே குழிகளில் இந்த ஆண்டும் மரம் நடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிப்காட் குடியிருப்புகளுக்குச் சென்று, கைப்பேசியில் அவரவர் கணக்கைத் திறந்து பணிக்காலத்தைப் படித்துக் காட்டலாமே!

வரும் ஆண்டு தங்கை கல்லூரியில் சேர வேண்டும். சென்ற மாதம் அம்மா மெதுவாக ஆரம்பித்தார்: "வேலையை விட்டுட்டு பி.எஃப். எடுத்துடலாமா கண்ணு?" வேலையை விடாமலே மகள் படிப்புக்குக் கேட்கலாம் என்று முன்பணப் படிவத்தைக் காட்டினேன். நம்பாமல் இருமுறை படிக்கச் சொன்னார். பிறகு, பத்து ஆண்டு என்றைக்கு முடியும் என்று கேட்டார். 2031 என்றேன். "அது வரைக்கும் கண்ணு நல்லாத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்க என்னிடம் நீட்டினார்.