லேயில் இறங்கிய டகோட்டா

போர் விமானம் வரையச் சொன்னால் பிள்ளைகள் வரைவது குண்டு போடும் ஜெட்டைத்தான். டகோட்டாவை யாரும் வரைவதில்லை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா ஏறத்தாழ 10,000 கட்டித் தள்ளிய இந்தத் துருப்பு விமானத்தை, வெற்றிக்கு இன்றியமையாத கருவிகளுள் ஒன்றாக நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசனோவரே எழுதினார். ஜீப்புக்கும் புல்டோசருக்கும் அந்த வரிசையில் இடமுண்டு (சண்டை விமானங்கள் கோபித்துக்கொண்டிருக்கும்!). காஷ்மீருக்காகப் பாகிஸ்தானுடன் நடந்த போரில் நம் ராணுவம் 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் இறங்கியதும் டகோட்டாவில்தான். அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் டகோட்டாவின் சிறந்த நாள் எது என்றால், என் வாக்கு 1948 மே 24-க்கு. கார்கில் எதிரியின் கையில். ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லேக்குத் தரைவழி அறுந்துவிட்டது. மணாலி வழியே மலையேறினால் வாரக்கணக்காகும். 10,000 அடிக்கும் மேலே, சிந்து நதியோரம், பொறியாளர் சோனம் நோர்பு அவசரமாகச் சமன்படுத்திய மணல்வெளி. கேபினில் காற்றழுத்த வசதி கிடையாது; சரியான வரைபடமும் இல்லை. அங்கே டகோட்டாவை இறக்கினார் ஏர் கமோடோர் மெஹர் சிங். உடன் வந்தவர் தரைப்படைத் தளபதிகளுள் ஒருவரான மேஜர் ஜெனரல் திம்மய்யா. சில நாட்களில் கூர்க்கா வீரர்கள் வந்து இறங்கினார்கள், லே தப்பியது. ஒரு குண்டும் வீசாத அந்தப் பயணத்தை, காஷ்மீர் போரின் எந்த வான் தாக்குதலுக்கும் மேலாகவே வைப்பேன்.