"லேட்டஸ்ட் போடு" என்று சொல்லிப் பிள்ளைகளைக் குழப்பாதீர்கள்



கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். ஐசிடி படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரும், கொம்பியூட்டர் கிளாஸ் நடத்துகிற சகோதரர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

பைதன் புரொஜெக்ட் ஒன்று திடீரென்று ஓடாமல் போனால் நம் ஊரில் இரண்டு வைத்தியம்தான். ஒன்று, "எல்லாவற்றையும் லேட்டஸ்ட் ஆக்கு". மற்றது, "விண்டோஸை அழித்துப் புதுசாகப் போடு". இரண்டும் நோயைப் பார்க்காத வைத்தியம்.

நோய் இதுதான். பைதனில் ஓரிடத்தில் ஒரு லைப்ரரியின் ஒரு வேர்ஷன்தான் இருக்கும். புதியதைப் போட்டால் பழையது அழிந்துவிடும். 2024 ஜூனில் நம்பை 2.0 வெளிவந்தபோது, நம்பை 1-க்காகத் தயாரித்த பல லைப்ரரிகள் அதோடு ஓடவில்லை. பிள்ளை தன் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து "உனக்குக் கோடிங் சரிவராது" என்பது அநியாயம் இல்லையா?

2019 உயர்தரப் பரீட்சை பழைய, புதிய பாடத்திட்டம் இரண்டிலும் நடந்தது. பழைய பாடத்திட்டப் பிள்ளையின் புத்தகத்தைப் பறித்துப் புதியதைத் திணித்தோமா? அவரவருக்கு உரியதைத்தானே கொடுத்தோம்?

அதே வேலையைச் செய்வதுதான் வென்வ். ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் தனி அறை மாதிரி. 2012-இல் வந்த பைதன் 3.3 முதல் பைதனோடு சேர்ந்தே வருகிறது, காசும் இல்லை. எந்த லைப்ரரி, எந்த வேர்ஷன் என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்தால், வேறு கொம்பியூட்டரிலும் அதையே போடலாம்.

"ஒவ்வொன்றுக்கும் டவுன்லோட் பண்ண டேட்டா எங்கே?" என்று கேட்பீர்கள். டிஸ்க்கில் இடம் கூடப் போகும், உண்மை. ஆனால் பிப் ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைக்கும். அதே வேர்ஷனை அதே கொம்பியூட்டரில் திரும்பப் போட டேட்டா அவ்வளவாகச் செலவாகாது.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. உபுண்டு 24.04-இல் சிஸ்டத்தின் பைதனுக்குள் பிப் மூலம் நேரே போடப் போனால் அதுவே தடுக்கும், ஏனென்றால் உபுண்டுவின் சொந்த வேலைகள் சிலவும் அந்தப் பைதனில்தான் நடக்கின்றன. அந்தத் தடையைத் தாண்டும் கட்டளையின் பெயரே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்". சிஸ்டத்தை உடை என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறார்கள்!

பெற்றோரே, அடுத்த முறை ஃபீஸ் கட்டும்போது கேளுங்கள்: "என் பிள்ளையின் புரொஜெக்டுக்குத் தனி வென்வ் இருக்கிறதா? வேர்ஷன் எழுதி வைத்திருக்கிறீர்களா?"

பதில் இல்லையென்றால் அங்கே நடப்பது படிப்பித்தல் இல்லை. பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம், மறக்க வேண்டாம்.