யாரிடமிருந்து விடுதலை?

"கவர்மென்ட்டு ஒதுங்கி நின்னாப் போதுங்ணா, நாடு தானா முன்னேறும்." அவிநாசியில் பனியன் கம்பெனி நடத்தும் தம்பி ஒருவர் சொன்னார். ஜிஎஸ்டி, லைசென்ஸ், அலைக்கழிப்பு என்று அவர் அடுக்கிய குறைகளில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால், இந்தக் குரல் பழையது. கூட்டுறவுப் பண்ணைக்கு நாக்பூர் காங்கிரஸ் தீர்மானம் போட்ட 1959ஆம் ஆண்டிலேயே, ராஜாஜி, என்.ஜி.ரங்கா, மினூ மசானி ஆகியோர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினர். 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்ஜியம்' ஒழிய வேண்டும் என்பதே அதன் முழக்கம். 1967இல் மக்களவையில் 44 இடங்கள். திமுக கூட்டணியில் நின்று சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 20 இடங்கள். 1974இல் பாரதிய லோக் தளத்தில் கலந்து மறைந்தது.

அதிகாரம் கோட்டையில் குவிவதைப் பற்றிய அவர்களின் அச்சம் பொய்யல்ல. ஊருக்குள் குவிந்திருக்கும் அதிகாரம்தான் அவர்கள் கண்ணில் படவில்லை. கட்சி தொடங்குவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1953இல், முதலமைச்சராக இருந்த ராஜாஜி கொண்டுவந்தது என்ன? பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், எதிர்ப்பு வென்றது. விவசாயி தன் நிலத்தில் என்ன செய்வது என்பதில் அரசு தலையிடக் கூடாது என்றவர், சக்கிலியர் வீட்டுப் பிள்ளை என்ன ஆக வேண்டும் என்பதில் அதே அரசை ஏவினார். நிலவுடைமை உரிமைக்குப் போராடிய கட்சி, நிலமே மறுக்கப்பட்டவர்களுக்கு என்ன சுதந்திரத்தை வைத்திருந்தது?

அரசு விலகினால் அந்த இடம் காலியாக இருக்காது, தனியார் முதலாளியின் சர்வாதிகாரம் வந்து உட்காரும் என்று அம்பேத்கர் 1947இலேயே எச்சரித்தார். கொங்கு நாட்டில் அதற்கு சாதி என்றும் பெயர் உண்டு. நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தில், கல்யாணச் செலவுக்கென்று மூன்றாண்டு விடுதிக்குள் அடைபட்ட பெண்கள் 'விரும்பித்தான்' கையெழுத்திட்டார்கள். வீட்டில் வேறு வழியில்லாதபோது விருப்பம் என்பது என்ன?

அதற்காக அரசைக் கும்பிடச் சொல்லவில்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கசாதியினர் தடுத்தபோது, அதிகாரிகள் முதலில் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே உத்தரவு ரத்தாகி, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஊர் சொன்னபடி ஆடியதும் அரசுதான். சட்டத்தைக் காட்டிப் பணிய வைக்க முடிந்ததும் அதே அரசைத்தான்.

எனவே தோழர்களே, அரசு பெரிதா சிறிதா என்பதல்ல நம் கேள்வி. அது யார் பக்கம் நிற்கிறது என்பதுதான். அடுத்தமுறை யாராவது சுதந்திரம் பேசினால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்தச் சமையலறை அடுப்பை அந்த அக்கா பற்றவைக்கும் சுதந்திரமும் அதில் சேர்த்தியா?