ஆய்வுக்கூடமும் ஆலையும்

பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் கைகோத்து நடத்தும் ஆய்வுகளுக்கு அரசு நல்கை வழங்குகிறது. 'நிறுவனத்தின் இலாபத்திற்கு மக்களின் வரிப்பணமா?' என வினவுவோர் உளர். வினா நேரியதே, ஆயினும் நல்கையை நிறுத்துவது அதற்கு விடையாகாது.

ரோட்டா வைரஸ் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கிக் குழந்தைகளின் உயிரைப் பறிப்பது. 1980களில் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மகராஜ் கிஷன் பான் குழுவினர், பிறந்த குழந்தைகளைத் தொற்றியும் நோயுறச் செய்யாத வகை ஒன்றைக் கண்டறிந்தனர். அதனைச் சொட்டு மருந்தாக்க நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை துணைநின்றது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் உற்பத்தியை ஏற்றது. தில்லி, புனே, நம் வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆய்ந்த பின், 2015இல் மருந்து வெளிவந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! ஈவை எதிர்நோக்கும் எந்தப் பங்குதாரர் இத்துணைக் காலம் பொறுப்பார்? குடுவையில் விளைந்ததைக் கோடிக்கணக்கில் பெருக்கும் ஆலையோ கழகத்திடம் இல்லை.

ஒரு தவணை மருந்தின் விலை ஒரு டாலர் அளவே என மருந்து வெளிவருமுன்னரே அந்நிறுவனம் அறிவித்திருந்தது. கண்டுபிடிப்புக்கு நிகராக நான் மதிப்பது இதனையே. நல்கை ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இத்தகைய விலை உறுதியைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெறுதல் வேண்டும். நிபந்தனை விதித்தால் நிறுவனங்கள் விலகிவிடும் என்பர். இடர் மிகுந்த தொடக்க ஆண்டுகளின் செலவை அரசும் சுமக்கையில், அவை விலகக் காரணம் ஏது?