நான் எப்ப 'ஓம்' எண்டு சொன்னேன்?



இந்தக் கிழமை எபிசோடில் அப்களின் 'டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்' பற்றிக் கதைத்தோம். ஒருவரும் வாசிக்கிறதில்லை, எல்லாரும் 'ஐ அக்ரீ' அமத்துகிறோம் என்று சிரித்தோம். ரெக்கோடிங் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மண்டைக்குள்ளேயே நிண்டது: நான் வாழுற நாட்டின் சட்டங்களுக்கு எப்ப 'ஐ அக்ரீ' அமத்தினேன்?

அப்பா அமத்தினவர். ஆஸ்திரேலியக் குடியுரிமை விழாவில் அவர் உறுதிமொழி எடுத்த படம் இன்னும் ஹோலில் தொங்குது. நான் இங்கேயே பிறந்தவள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இது பழைய பிரச்சினை. அரசு மக்களின் சம்மதத்தில்தான் நிற்கிறது என்று 1689-இல் ஜோன் லொக் எழுதினார். அதை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லையாம். அந்த நாட்டுத் தெருவில் போய்வந்தாலே மறைமுகச் சம்மதம்தான். 1748-இல் டேவிட் ஹியூம் இதை மறுத்தார். நித்திரையில் இருந்தவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு, நடுக்கடலில் 'விருப்பமில்லாட்டிக் குதி' என்றால், அவன் குதிக்காமல் இருப்பதைச் சம்மதம் என்று சொல்லலாமா?

'ஐ அக்ரீ' பட்டனும் அந்தக் கப்பல்தான். சொந்தக்காரர் எல்லாரும் ஒரே அப்பில் இருக்கேக்க, நான் மட்டும் எங்க குதிக்கிறது?

அப்ப சம்மதத்தை விட்டிட்டு வேற எதைக் கேட்கலாம்? 1971-இல் ஜோன் ரோல்ஸ் 'எ தியரி ஒஃப் ஜஸ்டிஸ்' நூலில் ஒரு வழி சொன்னார். நீ பணக்காரியா ஏழையா, சுகதேகியா நோயாளியா என்று உனக்கே தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் இருந்து விதிகளைத் தெரிவுசெய். அப்பவும் நீ ஏற்றுக்கொள்ளுற விதிதான் நியாயமானது.

இந்தச் சோதனையில் தோற்றதுக்கு ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் நல்ல உதாரணம். அரச உதவித்தொகை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கணக்கிடப்படுவது. அந்தத் திட்டமோ வரி அலுவலகத்தில் இருந்த வருட வருமானத்தை எடுத்து, பலருக்கு அதை இரண்டு கிழமைத் துண்டுகளாகச் சமனாகப் பிரித்தது. லீவில் மட்டும் வேலை செய்த மாணவர், வருடம் முழுக்க உழைத்த மாதிரிக் கணக்கில் வந்தார். 'கூட எடுத்திட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்' என்று கடிதம் போனது. கணக்குப் பிழை என்று நிரூபிக்கிற பாரமும் கடிதம் கிடைத்தவரின் தலையில்தான். 2020-இல், சுமார் 470,000 கடன்களுக்காக 721 மில்லியன் டொலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. அது நியாயமும் இல்லை, சட்டபூர்வமும் இல்லை என்று 2023-இல் ரோயல் கமிஷன் முடிவு சொன்னது.

அந்த விதியைத் தீர்மானித்தவர்கள், நாளைக்குத் தங்களுக்கும் அந்தக் கடிதம் வரலாம் என்று நினைத்திருந்தால் 'ஓம்' சொல்லியிருப்பார்களா? நான் நம்பவில்லை.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், எங்களில் கனபேர் இப்ப கோட் எழுதுற பக்கம் இருக்கிறோம். போன மாதம் வேலையில், பில் கட்டப் பிந்தினவர்களின் கணக்கைத் தானாகவே நிறுத்துகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். பிறகுதான் யோசித்தேன்: இந்த மெயில் அம்மாவுக்கு வந்தால் அவ யாருக்குக் கோல் எடுப்பா? மெயிலில் ஒரு போன் நம்பரும் இல்லை. மீட்டிங்கில் சொன்னேன். ரிலீஸ் ஒரு கிழமை பிந்தியது, மனேஜருக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. ஆனால் இப்ப மெயிலில் நம்பர் இருக்கு. கணக்கை நிறுத்த முதல் ஒரு ஆள் பார்க்கவும் வேணும்.

சின்ன விஷயம்தான். ஆனால் 'யூசர் அக்ரீ பண்ணிட்டார்' என்ற பதில் எனக்கு இனிக் காணாது. அந்த யூசர் நானாக இருந்தால் என்று கேட்காமல் ஒன்றையும் ரிலீஸ் பண்ணக் கூடாது என்பதுதான் என் கட்சி.

நீங்கள் எழுதின எந்த விதி உங்கட வீட்டு ஆளுக்கே வந்தால் பயப்படுவீங்கள்? இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ, அடுத்த எபிசோடில் கதைப்பம்.