பேசும் திறமை யாருடைய பிறப்புரிமை?

பரீட்சையில் தேறிய பிள்ளை உத்தியோகப் பேட்டியில் தோற்றுத் திரும்பினால், நம் ஜனங்கள் முதலில் தேடிப் போவது ஜோசியனையே யாகும். ஏழரைச் சனி என்பான் ஒருவன். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் கொள் என்பான் மற்றொருவன். எள் விளக்குப் போடு என்பான் மூன்றாமவன். இத்தனைக்கும் பணம் செலவழித்த பிறகும், அடுத்த பேட்டியில் பிள்ளை அதே மாதிரி தலைகுனிந்து, கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழுந்து வருவான். உடனே "எல்லாம் அவன் தலையெழுத்து" என்று முடிவு கட்டி விடுவார்கள். பொம்மிடியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசற்படி மிதித்த பிள்ளைகளின் விஷயத்தில் இந்தத் தலையெழுத்துப் பேச்சு அதிகமாகவே கேட்கிறது.

நாம் சொல்லுகிறோம், இது தலையெழுத்துமல்ல, மூளைக் குறைவுமல்ல. பழக்கக் குறைவு. அந்தப் பழக்கம் இவனுக்கு மட்டும் ஏன் இல்லாமற் போயிற்று என்பதுதான் அறிவுள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

இப்பொழுது கம்பெனிக்காரர்கள் பட்டத்தோடு கூட "மென்திறன்" என்று ஒன்றையும் கேட்கிறார்கள். நினைத்ததைத் தெளிவாய்ச் சொல்லுதல், பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டல், நாலு பேரோடு கூடி வேலை செய்தல், தப்பில்லாமல் கடிதம் எழுதுதல், சொன்ன நேரத்துக்கு வருதல் ஆகியவைகளே அது. இது ஏதோ தெய்வீக வரப்பிரசாதம் என்று யாரும் மலைக்க வேண்டியதில்லை. சாஃப்ட் ஸ்கில்ஸ் என்னும் இந்தப் பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்ததே சுமார் 50 வருஷங்களுக்கு முன் அமெரிக்க ராணுவந்தான். யந்திரங்களோடு சம்பந்தப்படாமல், ஆட்களையும் காகிதங்களையும் கொண்டு நடத்த வேண்டிய வேலைகளுக்கு அவர்கள் அப்பெயரை வைத்து, அதற்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று 1972-இல் ஒரு மகாநாடே கூட்டினார்கள். பிறவியிலேயே வருகிற குணமானால், பயிற்சிக்கு வழி தேட ராணுவத்துக்கு என்ன பைத்தியமா பிடித்திருந்தது?

நிற்க, நம் பிள்ளைக்கு ஏன் வாய் வரவில்லை என்பதைப் பார்ப்போம். அவனுடைய பாட்டன் மேல்ஜாதித் தெருவில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கை கட்டி, வாய் பொத்தி நின்றவன். தகப்பன் ஆபீஸ் வாசலில் மணிக்கணக்காய்க் காத்திருந்து, "சாமி" என்று கூப்பிட்டு, மனுவை நீட்டிவிட்டுப் பேசாமல் வந்தவன். வீட்டிலே கேள்வி கேட்டால் "பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாயா?" என்று அடி. பள்ளிக்கூடத்திலே கேள்வி கேட்டால் "அதிகப் பிரசங்கி" என்று பட்டம். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கோ சிரிப்பதற்குக்கூடத் தடை. இப்படியாக இருபது வருஷம் ஒரு பிள்ளையின் வாயைத் தைத்து வைத்துவிட்டு, இருபத்தோராவது வருஷத்தில் குளிர்ந்த அறையில் உட்கார வைத்து, "உன்னைப் பற்றி நீயே சொல்" என்றால் அவன் என்ன செய்வான்?

மறுபக்கம் பாருங்கள். பாட்டன் வக்கீல், தகப்பன் உத்தியோகஸ்தன் என்றிருக்கிற வீட்டிலே, சாப்பிடும்போதே பேட்டிக்கு வேண்டிய பழக்கம் பிள்ளைக்கு வந்து விடுகிறது. வீட்டுக் கொல்லையில் கிணறு உள்ளவன் பிள்ளை ஐந்து வயதிலேயே நீந்துகிறான். கிணற்றண்டை வரக்கூடாது என்று விரட்டப்பட்டவன் பிள்ளை நீந்தத் தெரியாமல் நிற்கிறான். முன்னவனைப் பார்த்து "பிறவித் தகுதி" என்றும், பின்னவனைப் பார்த்து "தகுதியில்லை" என்றும் சொல்லுவது எவ்வளவு பெரிய புரட்டு!

அதுவுமல்லாமல், பேட்டி அறையிலே பேச்சை மட்டுந்தான் நிறுக்கிறார்கள் என்று நம்புவதும் பேதைமையாகும். 2007-இல் சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் கம்பெனி வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரியான படிப்பும் தகுதியும் எழுதி, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் போட்டார்கள். மேல்ஜாதிப் பெயருக்குக் கிடைத்த அழைப்பு வாய்ப்பில், தலித் பெயருக்கு ஏறக்குறைய 3-இல் 2 பங்கும், முஸ்லிம் பெயருக்கு 3-இல் 1 பங்குந்தான் கிடைத்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்கா, காதரின் நியூமன் என்பவர்கள் ஆள் எடுக்கும் மானேஜர்களை விசாரித்து அறிந்ததை வெளியிட்டார்கள். திறமை ஒன்றையே பார்க்கிறோம் என்று சொன்ன அந்த மானேஜர்களில் பெரும்பாலோர், "உன் குடும்பம் எப்படிப்பட்டது?" என்றும் கேட்பதாய் ஒப்புக் கொண்டார்கள். தகப்பன் தொழிலைக் கேட்டுப் பிள்ளையின் திறமையை அளப்பது எந்த ஊர் அளவுகோல்? வருணாசிரமம் கோட்டும் டையும் போட்டுக் கொண்டால் அதற்குப் பெயர் மாறி விடுமா?

இந்த அபாயம் சர்க்காருக்கும் தெரியாததல்ல. கீழ்நிலை உத்தியோகங்களுக்குப் பேட்டியே வேண்டாம் என்று மத்திய சர்க்கார் 2016 ஜனவரி 1 முதல் எடுத்து விட்டது. ஆதலால் கம்பெனிகளும் எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே எழுதி வைத்த மார்க்குத் திட்டம், ஜாதியையும் குடும்பத்தையும் கேட்காத விசாரணை என்று நடத்தும்படி நாம் வற்புறுத்த வேண்டும்.

ஆனால் "பேட்டியே பித்தலாட்டம், பிறகு நாம் எதற்காகப் பழக வேண்டும்?" என்று சில வாலிபர்கள் கேட்கக்கூடும். அது சரியான வாதமல்ல. எழுத்தை ஒரு கூட்டத்தார் தங்கள் சொத்தாய் வைத்திருந்தார்கள் என்பதற்காக நாம் எழுத்தை வெறுத்தோமா? போராடிக் கற்றோம். பேச்சும் அப்படியே.

எப்படிக் கற்பது? தமிழ்நாட்டு சர்க்கார் 2022 மார்ச் 1-ந் தேதி "நான் முதல்வன்" என்ற திட்டத்தைத் துவக்கி, படிப்போடு இப்படிப்பட்ட பயிற்சிகளையும் சேர்த்தது. இம்மாதிரி வகுப்புகளைச் சர்ட்டிபிகேட்டுக்காகப் பின் பெஞ்சியில் உட்கார்ந்து கழிக்காமல், முன்னால் போய் நின்று பேசிப் பழக வேண்டும். மற்றபடி பயிற்சி ஊரிலேயே கிடக்கிறது. தினம் பத்திரிகையில் ஒரு செய்தியை உரக்கப் படித்து, படிக்காத தாய்க்கு அவள் பாஷையிலே விளங்கச் சொல்லுங்கள். அவளுக்கு விளங்கினால் எந்த மானேஜருக்கும் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பிள்ளைகள் கூடி ஒரு விஷயத்தை இரு கட்சியாய் விவாதியுங்கள். ஒருவன் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பவனுக்கும் மார்க்குப் போடுங்கள். 18 வயது நிறைந்து வாக்காளரானவர்கள் கிராம சபையில் எழுந்து, தெரு விளக்கைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் கேள்வி கேளுங்கள். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதிப் போடுங்கள். தெளிவாய், சுருக்கமாய் எழுதும் பழக்கமும் வரும், ஊருக்கும் உபகாரமாகும். ஊராட்சித் தலைவர் முன்னிலையில் நிமிர்ந்து நின்று பேசிப் பழகியவனுக்குச் சேலத்திலோ, பெங்களூரிலோ மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பேட்டி அறை பயமாயிராது.

இங்கிலீஷைப் பற்றி ஒரு வார்த்தை. அது மண்வெட்டியைப் போல ஒரு கருவி. கையில் காய்ப்பு ஏறுகிற வரையில் பழக வேண்டியதுதான். தப்பாய்ப் பேசுகிறவன் நாளைக்குத் திருத்திக் கொள்வான், பேசாதிருப்பவனை யார் திருத்துவது? தெரியாததைக் கேட்டால் "தெரியாது, கற்றுக் கொள்வேன்" என்று நேராய்ச் சொல்லவும் பழக வேண்டும். அதுவும் ஒரு திறமையே.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இனிமையாய்ப் பேசுவது வேறு, காலில் விழுவது வேறு. மேலதிகாரி தப்புச் சொன்னால் மரியாதையோடு மறுத்துச் சொல்லத் தெரிவதே திறமை. எதற்கும் பல்லிளிப்பது பழைய அடிமைத்தனமே யாகும். அதை "மென்திறன்" என்ற பெயரில் விலைக்கு விற்க வருகிறவர்களையும், அதிர்ஷ்ட எண், ராசி நிறம் என்று சேர்த்து விற்கிறவர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

ஆகவே பெற்றோர்களே! உபாத்தியாயர்களே! பிள்ளை கேள்வி கேட்டால் அடிக்காதீர்கள். பெண் பிள்ளையையும் கூட்டத்தில் எழுந்து பேச விடுங்கள். ஜோசியனுக்கும் பரிகாரத்துக்கும் என்று ஒதுக்கிய பணத்தை இவ்வாண்டு ஒரு தினசரிப் பத்திரிகைக்கும், ஒரு அகராதிக்கும், பிள்ளை பேட்டிக்குப் போய்வரும் ரயில் கட்டணத்துக்கும் செலவிட்டுப் பாருங்கள். எது பலன் தந்தது என்பதை ஒரு வருஷத்திற்குள் நீங்களே கண்டு கொள்ளலாம்.